எழுதாமல் விட்ட இருபது நிமிடங்கள்

மூன்று வருடங்களுக்கு முந்தி, கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று அடிக்கத் தொடங்கின காலம். மூதூரில் மீனவர் சங்கக் கட்டடத்தின் மேல்மாடியில் நடந்த ஒரு கூட்டத்தில்தான் இது ஆரம்பித்தது. இதுவரை நான் இதை வீட்டு ஆட்களுக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை.

முதலில் என்னுடைய வேலையைச் சொல்ல வேண்டும். நான் திருகோணமலை டவுனில் இருக்கிறேன். கொட்டியாரக் குடாவிலும் அதை ஒட்டின, கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற களப்புகளிலும் தொழில் செய்கிற சனங்களின் ஆலோசனைக் குழுக்களைக் கூட்டி நடத்துவது என் பொறுப்பு. எந்தக் கண் அளவில் வலை பாவிக்கலாம், மீன் குஞ்சு வளருகிற இடத்தை எத்தனை மாதம் மூடலாம், ஆமை முட்டையிடுகிற கரையில் கரைவலை இழுக்கலாமா என்று ஒரு விதி வருவதற்கு முந்தி, அந்தத் தண்ணீரை நம்பி இருக்கிற ஆட்களைக் கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதை எழுதி மேலே அனுப்ப வேண்டும். அந்த எழுதுகிற ஆள் நான்.

கேட்க நல்ல வேலை மாதிரி இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும். ஒரு கூட்டத்துக்குப் பதினாலு பேரைச் சேர்க்க நாற்பது தொலைபேசி அழைப்பு எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை என்றால் பள்ளிவாசல், செவ்வாய் என்றால் கோயில். மீன் பட்டால் ஒருத்தரும் வர மாட்டார்கள். படாவிட்டால் கோபத்தோடு வருவார்கள். மண்டபப் பூட்டின் திறப்பு வைத்திருப்பவர் கல்யாண வீட்டுக்குப் போயிருப்பார். எல்லாம் சரிவந்து கூட்டம் தொடங்கினால், போன கூட்டத்தில் கதைத்த அதே கதையை அதே ஆட்கள் அதே குரலில் கதைப்பார்கள். பிறகு நான் கிண்ணியாப் பாலம் தாண்டி பஸ்ஸில் வீட்டுக்கு வந்து, சமைத்து, அடுத்த நாள் அதை இரண்டு மொழியில் தட்டச்சு செய்ய வேண்டும். அனுப்பின அறிக்கையை மேலே யாராவது வாசிக்கிறார்களா என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அந்த வருடம் எனக்கு அது பதினோராவது வருடம். குனிந்து எழும்ப விடாத நாரி நோவு, கண் எரிச்சல். கூட்டம் முடிவதற்கு முந்தியே அறிக்கையின் கடைசிப் பந்தியை எழுதி வைத்துவிடுகிற ஒரு பழக்கமும் எனக்கு வந்திருந்தது. 'உறுப்பினர்கள் ஏகமனதாக ஏற்றுக்கொண்டனர்' என்று. எப்படியும் கடைசியில் எல்லாரும் ஓம் என்றுதான் சொல்லப்போகிறார்கள், பிறகென்ன என்ற நினைப்பு.

அன்றைக்கு எடுத்த விசயம் களப்பின் தெற்குப் பக்கத்தை வருடா வருடம் ஆறு மாதத்துக்கு மூடுவது. இறால் குஞ்சு வளருகிற இடம் அது. நல்ல நோக்கம்தான், அதில் பிழை சொல்ல ஏலாது. சுவரில் ஒரு படம் தொங்கவிட்டு, எல்லையைச் சிவப்புக் கோட்டால் காட்டினோம். விதியின் வரைவை நான் எழும்பி நின்று சத்தமாக வாசித்தேன். அதற்குப் பிறகு படகுக்காரர் ரெண்டு மணித்தியாலம் சண்டை. கோடு எங்கே தொடங்க வேண்டும், எந்த வலையை விடலாம், எஞ்சின் போட்ட படகு எந்தப் பக்கத்தால் போகலாம். ஒருமாதிரி இணக்கத்துக்கு வந்தது. என் மேலதிகாரியும் வந்திருந்தார். நாங்கள் அவரை சேர் என்போம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அந்த நேரம் கடைசி வாங்கில் இருந்து ஒரு பெண் எழும்பினார்.

பதினாலு உறுப்பினர்களில் அவர் ஒருத்தர்தான் பெண். ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்காக நாங்கள் தேடிப் பிடித்துப் போட்ட ஆள். களப்பில் மட்டி பொறுக்கி விற்கிறவர். என்னைவிட ரெண்டு மூன்று வயது கூட இருக்கும். நான் அவரை அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுவேன், அவர் என்னை மிஸ் என்பார். ஒன்றரை வருடமாக எல்லாக் கூட்டத்துக்கும் வந்தவர், வரவுப் பதிவில் கையெழுத்து வைத்தவர், ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

"மிஸ், ஆருமே உள்ளுக்குப் போகப்படா எண்டு வாசிச்சீங்க. அப்ப நாங்க நடந்து போகவும் ஏலாதா?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கதைக்கத் தொடங்கினார். நாங்கள் மூடப்போகிற இடத்துக்கு நடுவில் ஒரு மணல் திட்டு இருக்கிறதாம். முழங்கால் அளவு தண்ணீர்தான். மட்டி அதில் இல்லை, அதற்கு அங்கால், சிவப்புக் கோட்டுக்கு வெளியே இருக்கிற சேற்றில். அந்தத் திட்டுதான் இவர்களுக்குப் பாதை. அதை மூடினால் ஓடைப் பக்கத்தால் சுற்றித்தான் போக வேண்டும். "நாங்க போறதே தண்ணி வத்துற நேரம். வத்துற தண்ணி எல்லாம் அந்த ஓடையாலதான் கடலுக்குப் போகும். மேல பாத்தா ஆடாது மிஸ், அடியில காலை வாரும்." அதோடு நிற்கவில்லை. சேற்றில் நிற்கிற எந்தக் கண்ணா மரத்தடியில் இறங்குவது, எங்கே திரும்புவது, அவருடைய உம்மா காலத்தில் யார் எங்கே கால் வழுக்கினது, மாமி என்ன சொன்னா, எந்தெந்த வீட்டுப் பெண்கள் வருவார்கள் என்று கதை நீண்டது. இருபது நிமிடம் இருக்கும்.

பின்னேர அஸர் தொழுகைக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது. ஆண்கள் கதிரையைத் தள்ளி எழும்பத் தொடங்கினார்கள். ரோல்ஸும் தேத்தண்ணியும் வந்துவிட்டது. படகுக்காரர் ஒருத்தர் பக்கத்து ஆளிடம் கொடுப்புக்குள் சிரித்தபடி எதையோ சொன்னார். எனக்கு டவுனுக்குப் போகிற பஸ் போய்விடும் என்ற அவதி. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். பேனாவை எப்போதோ மூடி வைத்துவிட்டேன்.

கதைத்து முடிந்து அவர் கேட்டார்: "எழுதினீங்களா மிஸ்?"

"ஓம் ராத்தா, எழுதினனான்," என்றேன்.

ரெண்டு நாள் கழித்து அறிக்கை தட்டச்சு செய்யும்போது ராத்தா கதைத்தது ஞாபகம் வந்தது. ஆனால் குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை. அந்த மரத்தின் பெயர், திரும்புகிற இடம், எதுவும் சரியாக நினைவில் வரவில்லை. எடுத்துக் கேட்டிருக்கலாம். தொலைபேசி இலக்கம் என்னிடம் இருந்தது. கேட்டால் இன்னொரு இருபது நிமிடம் போகும். அதனால் ஒரு வரி போட்டேன்: 'பெண்கள் சார்பிலும் கருத்துத் தெரிவிக்கப்பட்டது.' அதற்குக் கீழே, முன்கூட்டியே எழுதி வைத்த கடைசிப் பந்தி.

விதி வந்தது. எல்லையில் கம்பு நட்டு சிவப்புத் துணி கட்டினார்கள். காவலுக்கு ரெண்டு பேரைப் போட்டார்கள். அவர்கள் மட்டிக்கு வந்த பெண்களைத் திட்டில் ஏற விடாமல் மறித்தார்கள். அவர்கள் மேல் பிழை சொல்ல எனக்கு மனமில்லை. கடதாசியில் இருந்ததைச் செய்தார்கள், அவ்வளவுதான்.

ராத்தா ஒருநாள் அழைப்பு எடுத்தார். "மிஸ், மறிக்கிறாங்க. அண்டைக்கு நான் சொன்னதுதான். ஒருக்காப் பாருங்களன்."

நான் கந்தோரில் என் மேசையில் இருந்து வேறொரு கூட்டத்துக்குக் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தேன். "அடுத்த கூட்டத்தில கதைப்பம் ராத்தா," என்று வைத்துவிட்டேன். அடுத்த கூட்டம் ரெண்டு தரம் பின்போடப்பட்டது. ஒருதரம் சேருக்கு வேறு அலுவல். மற்றத் தரம், உண்மையைச் சொன்னால், எனக்கே போக ஏலாமல் இருந்தது.

ஒரு புதன்கிழமை காலமை பத்து மணி இருக்கும். மூதூர்ப் பக்கத்துக் குழு உறுப்பினர் ஒருத்தர் எடுத்தார். மட்டிக்குப் போன பெண் ஒருத்தி தண்ணீரில் அள்ளுப்பட்டுவிட்டா, நண்டு வலை பார்க்க வந்த தோணிக்காரர் தலைமுடியில் பிடித்து இழுத்துப் போட்டிருக்கிறார், மூச்சு இருக்குது, ஆனால் நினைவில்லை, டவுன் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள் என்றார். நான் "அடக் கடவுளே" என்றேன். வழக்கமாக ஒரு கெட்ட செய்தி கேட்டால் சொல்வது போலத்தான் சொன்னேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"எந்த இடத்தில?" என்று கேட்டேன்.

"ஓடையில மிஸ். திட்டால விடல்லத்தானே, நாலு பேரும் சுத்திப் போயிருக்காங்க. மட்டி போடுற சட்டிய இடுப்பில கயித்தால கட்டி இழுத்துக்கொண்டு போவாங்க. கயிறு காலில சுத்திட்டு. எங்கட குழுவில இருக்கிற ராத்தாட தங்கச்சி."

தொலைபேசியை மேசையில் வைத்தேன். பக்கத்து மேசைக்காரி "என்ன, முகம் ஒரு மாதிரி?" என்று கேட்டா. நான் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, கோப்பைத் திறந்து அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எத்தனை தரம் வாசித்தாலும் அதில் ஓடையும் இல்லை, திட்டும் இல்லை.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிஸ்கட்டும் பால்மாவும் வாங்கிக்கொண்டு போனேன், நோயாளி பார்க்கப் போகிற எல்லாரையும் போல. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ராத்தா நிலத்தில் சுவரில் சாய்ந்தபடி இருந்தார். உடுப்பின் கீழ்ப்பக்கமெல்லாம் சேறு காய்ந்திருந்தது. மாற்ற நேரமில்லாமல் அப்படியே வந்திருக்கிறார். என்னைக் கண்டதும் எழும்பி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நல்லது.

"நீங்க வருவீங்க எண்டு தெரியும் மிஸ்," என்றார். "நீங்க எழுதித்தானே அனுப்பினீங்க. மேல இருக்கிற ஆக்கள் கேக்கல்ல. அதுக்கு நீங்க என்ன செய்யிற?"

அந்த ஒரு நிமிடம் எனக்கு இப்போதும் முழுதாக ஞாபகம் இருக்கிறது. பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி போனது, சக்கரம் ஒன்று கீச்சிட்டது. சொல்லிவிடு என்று எனக்குள்ளே ஒரு குரல். இப்போது சொல்லாதே, இந்த நிலைமையில் சொல்லி என்ன, பிறகு சொல்லலாம் என்று இன்னொரு குரல். ரெண்டாவதைத்தான் கேட்டேன். அதுதான் எனக்கு வசதி.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார் ராத்தா. இல்லை என்றேன். யாரோ கொண்டுவந்து கொடுத்த பேக்கரிப் பணிஸ் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். மறுத்தேன், விடவில்லை. அவருடைய தங்கச்சி உள்ளே மூச்சுக்குப் போராடிக்கொண்டிருக்க, நான் வெளியே நின்று அந்தப் பணிஸைச் சாப்பிட்டேன்.

தங்கச்சிக்கு அஞ்சாம் நாள் நினைவு வந்தது. உயிர் தப்பிவிட்டா. ஆனால் நெஞ்சில் சளி கட்டி, பத்து அடி நடந்தாலே மூச்சு வாங்குகிற நிலை.

அடுத்த கிழமை மேலிடத்தில் இருந்து ஒரு கடிதம் வந்தது. இந்தப் பாதை ஆபத்தானது என்று ஆலோசனைக் குழுவில் யாராவது சொன்னார்களா, சொல்லியிருந்தால் ஏன் கவனிக்கவில்லை, அறிக்கையின் பிரதியை உறுதிப்படுத்தி அனுப்பவும் என்று. சேர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். அவர் கெட்ட மனுசன் இல்லை. ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. அவரும் என்னைப் போலக் களைத்த ஆள்தான்.

"அந்த மனுசி கதைச்சது எனக்கும் ஞாபகம்," என்றார். "ஆனா அறிக்கையில இல்லையே. இல்லாததை நாங்கள் ஏன் தோண்டுவான்? பிரதியில கையெழுத்து வைச்சு அனுப்பும். உமக்கும் பிரச்சினை இல்லை, எனக்கும் இல்லை."

ஓம் சேர் என்றேன். பிரதி எடுத்தேன். 'நடந்ததை உள்ளபடி பதிவுசெய்த உண்மைப் பிரதி' என்று கீழே அடித்தேன். கையெழுத்து வைக்கப் பேனாவை எடுத்தேன், வைத்தேன். அன்றைக்கு வைக்கவில்லை. அடுத்த நாளும் வைக்கவில்லை. இது நேர்மையால் என்று நினைத்துவிடாதீர்கள். பயம். கையெழுத்து வைத்தால் அந்தப் பொய் எழுத்தில் நின்றுவிடும் என்ற பயம் ஒரு பக்கம். வைக்காவிட்டால் வேலைக்கு என்ன ஆகும் என்ற பயம் மறுபக்கம். சேர் கேட்டபோது, அவசரக் கூட்டம் ஒன்று வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், அது முடிய அனுப்புவோம் என்று சமாளித்தேன்.

அந்தக் கூட்டம் அதே மேல்மாடியில் நடந்தது. வழக்கத்துக்கு மாறாகப் பதினாலு பேரும் வந்திருந்தார்கள். ராத்தாவும் வந்திருந்தார். முகம் வற்றி, பத்து வயது கூடினவர் போல.

தொடங்கினதும் படகுக்காரர் ஒருத்தர் எழும்பினார். "நடந்தது கவலைதான். ஆனா ஒண்டு கேக்கிறன். விதி போடேக்க ஆராவது இதைச் சொன்னதா? சொல்லல்லத்தானே. எல்லாரும் ஓம் எண்டு சொல்லித்தான் போட்டது. திட்டால விடாட்டி திரும்பிப் போகாம ஓடைக்குள்ள இறங்கினது அவங்கட பிழை."

அன்றைக்கு ராத்தா கதைக்கும்போது கதிரையைத் தள்ளி எழும்பின ஆட்களில் இவரும் ஒருத்தர். காது கேட்டிருக்கும், மனதில் ஏறியிருக்காது.

ராத்தா இருந்த இடத்தில் இருந்தபடியே சொன்னார்: "நான் சொன்னனான். மிஸ் எழுதினவ. வாசிக்கச் சொல்லுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சேர் பார்க்கவில்லை. அவர் மேசையைப் பார்த்தார். நான் கோப்பைத் திறந்து பக்கத்தைப் புரட்டினேன். வாசிக்கத் தொடங்கினேன். "பெண்கள் சார்பிலும் கருத்துத் தெரிவிக்கப்பட்டது."

நிறுத்தினேன்.

"மிச்சம்?" என்றார் ராத்தா.

"மிச்சம் இல்லை ராத்தா."

"அவ்வளவுதானா?"

அவர் முகத்தில் கோபம் இல்லை. விளங்காத ஒரு பார்வை. எங்கேயோ பக்கம் ஒன்று கிழிந்து விழுந்திருக்கும், தேடினால் கிடைக்கும் என்பது போல என் கையில் இருந்த கோப்பைப் பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க ஏலாமல் போனது. வாய் தானாகத் திறந்தது.

"ராத்தா அண்டைக்கு எல்லாம் சொன்னவ," என்றேன். "திட்டைப் பற்றிச் சொன்னவ, ஓடை இழுக்கும் எண்டும் சொன்னவ. நான் எழுதேல்லை. எனக்குக் களைப்பு, பஸ்ஸுக்கும் நேரம் போட்டுது. எழுதினீங்களா எண்டு கேட்டதுக்கு ஓம் எண்டு பொய் சொன்னனான். ஆஸ்பத்திரியில வைச்சும் சொல்லேல்லை. பிழை மேலிடத்தில இல்லை. என்னிலதான்."

ஒருத்தர் எழும்பிச் சத்தம் போட்டார். கந்தோர் ஆக்கள் எல்லாரும் இப்படித்தான், எங்களைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்து கையெழுத்து வாங்குறதுக்கு ஒரு குழு, இதுக்கு ஒரு பெயர் ஆலோசனை என்று. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. இன்னொருத்தர் அவரை இருக்கச் சொன்னார். கீழே இருந்து ஆட்கள் படியில் ஏறி வந்து எட்டிப் பார்த்தார்கள்.

ராத்தா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் அடங்கினது. எழும்பிப் போய்விடப்போகிறார், இனிமேல் எந்தக் கூட்டத்துக்கும் வர மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

அவர் எழும்பினார். ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசைக்கு எதிரே, எனக்கு முன்னால் போட்டு இருந்தார்.

"இப்ப எழுதுங்க," என்றார்.

எழுதினேன். முதலில் இருந்து சொன்னார். எந்த மரத்தடியில் இறங்குவது, எத்தனை எட்டு நேராகப் போவது, எந்த இடத்தில் கிழக்கே திரும்புவது. ஒவ்வொரு வசனம் முடியவும் நிறுத்தினார். "எழுதிட்டீங்களா? வாசிங்க." வாசித்தேன். "இல்ல, முழங்காலுக்கு மேல எண்டு எழுதிட்டீங்க. முழங்காலுக்குக் கீழ." திருத்தினேன். மறுபடியும் வாசித்தேன். தங்கச்சி விழுந்த இடத்துக்கு வந்தபோது குரல் ஒருக்கா உடைந்தது. தண்ணீர் கேட்டார், குடித்தார், தொடர்ந்தார். என் கண்ணீர் கடதாசியில் விழுந்து ஒரு எழுத்துக் கலங்கினபோது, "அதைத் திருப்பி எழுதுங்க, விளங்காது" என்றார். அவ்வளவுதான். ஆறுதல் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

ஒன்றரை மணித்தியாலம் போனது. தொழுகைக்குப் போனவர்கள் போய்த் திரும்பி வந்தார்கள். ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. பெண்களின் பிழை என்று முதலில் சொன்ன அந்தப் படகுக்காரர், முடிகிற நேரம் தயங்கித் தயங்கி, "ஓடையில புதுப் பிறைக்கும் பறுவ நிலவுக்கும் இழுவை கூட. அதையும் போடுங்க மிஸ்" என்றார். ராத்தா அவரைப் பார்த்துத் தலையசைத்தார். அதையும் எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. கடைசியில் ஏகமனதாக ஏற்றுக்கொண்டனர் என்று நான் எழுதவில்லை. ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு, அவரவர் சொன்னதை எழுதினேன்.

பஸ் போய்விட்டது. சேர் தன் வாகனத்தில் என்னை ஏற்றிக்கொண்டு வந்தார். பாலத்தில் ஏறினதும், "நானும் அங்க இருந்தனான்தானே," என்றார். பழைய பிரதியை அனுப்பாமல், அந்த மூன்று பக்கத்தோடு என்னுடைய விளக்கக் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினோம். அதில் அவரும் கையெழுத்து வைத்தார்.

எனக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு வந்தது. கோப்பில் இருக்கிறது, ஓய்வு பெறும் வரைக்கும் இருக்கும். விதியைத் திருத்த எட்டு மாதம் பிடித்தது. அதற்கிடையில் நான் எத்தனை கடிதம் எழுதினேன், எத்தனை படி ஏறினேன் என்று சொல்லிப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. முதலே அந்த இருபது நிமிடத்தை எழுதியிருந்தால் ஒரு கடிதமும் தேவைப்பட்டிருக்காது. இப்போது திட்டின் நீளத்துக்கு ரெண்டு பக்கமும் வெள்ளைத் துணி கட்டின கம்பு இருக்கிறது. மட்டிக்குப் போகிற பெண்கள் அதற்கு நடுவால் நடந்து போகலாம். இறால் குஞ்சும் வளருகிறது. இரண்டுக்கும் இடம் இருந்தது, நாங்கள்தான் பார்க்கவில்லை.

ராத்தாவின் தங்கச்சி பிறகு தண்ணீரில் இறங்கவே இல்லை. கச்சான் காலத்தில் தூசு பறந்தால் இருமல் தொடங்கிவிடும் என்று கேள்விப்பட்டேன். நான் ஒருதரம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கதிரை தந்தா, தேத்தண்ணி தந்தா. என்னோடு நன்றாகத்தான் கதைத்தா. கதைக்கும்போது இடையிடையே நிறுத்தி மூச்சு எடுத்தா. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராத்தா இன்னும் குழுவில் இருக்கிறார். இப்போது இன்னும் மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு வருவார். எங்களுக்குள் பழைய நெருக்கம் இல்லை. சாப்பிட்டீங்களா என்று அவர் என்னைக் கேட்பதில்லை. கூட்டம் முடிய, தான் சொன்னதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கதிரையை விட்டு எழும்புவார். மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அவர் ஓம் என்று சொல்லக்கூடும், அதுவும் எனக்காகச் சொல்வதாக இருக்கும். அந்தச் சுமையையும் அவர் தலையில் ஏற்ற எனக்கு விருப்பமில்லை.

வேலை மாறவில்லை. அதே நாற்பது அழைப்பு, அதே திறப்புத் தேடல், அதே கதை. நாரி நோவு கூடிவிட்டது. யாராவது நீட்டிக் கதைக்கத் தொடங்கினால் இன்றைக்கும் எனக்குள் சலிப்பு வருகிறது, வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் பேனாவை மூடுவதில்லை. அதுவரைக்கும் என் களைப்பு என்னை மட்டும் வருத்துகிற ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கான விலையை நான் அப்போது முகம்கூடப் பார்த்திராத ஒரு பெண் தன் மூச்சால் கொடுப்பாள் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பதினொரு வருடம் பிடித்தது.